இரண்டு ஒலிகள் சமமாகும் இடம்

அந்த ஞாயிற்றுக்கிழமையும் விமானம் திருச்சியில் இறங்காமல் மணப்பாறைப் பக்கம் போய்விட்டது.

லின்சி ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். காலைப் பூசைக்குப் போய்வந்த சேலையைக்கூட இன்னும் மாற்றவில்லை. சமையலறையில் பாக்கியநாதன் மீன் பொரித்துக்கொண்டிருந்தான். அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிய சத்தத்திலேயே அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"இன்னைக்கும் இறங்கலையா?"

"இறங்கலைங்க. ரன்வேக்கு மேலயே நேராப் பறந்து போயிடுது. கீழ தரைன்னு ஒண்ணு இருக்கிறதே அதுக்குத் தெரியல."

"சரி விடு. மணப்பாறை வரைக்கும் போயிருச்சுல்ல, முறுக்கு வாங்கிட்டு வரச் சொல்லு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் மனம் ஆறவில்லை.

பறந்தது கம்ப்யூட்டருக்குள் இருக்கிற விமானம்தான். நிஜ விமானம் எப்படியெல்லாம் பறக்குமோ அப்படியே பறக்கும் என்று சொல்லி விற்கிற மென்பொருள் அது. லின்சிக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. ஸ்ரீரங்கத்தில் ஒரு வங்கிக் கிளையில் கடன் பிரிவு அதிகாரி. அவள் கணவன் பாக்கியநாதன் சரக்கு ரயில் ஓட்டுபவன். இருவரும் பொன்மலை ரயில்வே குடியிருப்பில் இருந்தார்கள். விமான நிலையம் அங்கிருந்து கூப்பிடு தூரம் இல்லையென்றாலும் காற்று தெற்கிலிருந்து அடிக்கும் நாளில் சிங்கப்பூர் விமானம் ஏறுகிற சத்தம் மொட்டை மாடிக்கு வரும்.

பார்வை இல்லாதவர்கள் இந்த விளையாட்டை விளையாடலாம் என்று அவளுக்குச் சொன்னது மஹ்ஜபீன். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள்; மஹ்ஜபீனுக்கும் பார்வை இல்லை; இப்போது சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. "உயரம், வேகம், திசை எல்லாத்தையும் குரலாச் சொல்ற மாதிரி நம்ம ஆளுங்களே ஒரு புரோகிராம் எழுதி வெச்சிருக்காங்கடி. ஓட்டிப் பாரு" என்றாள். முதலில் லின்சி நம்பவில்லை. ஒரு வாரம் ஓட்டிய பிறகு விடவும் முடியவில்லை. குரல் அவள் காதில் எண்களைப் படபடவென்று கொட்டும். பக்கத்தில் நிற்கிற பாக்கியநாதனுக்கு ஒரு வார்த்தை பிடிபடாது. அவளுக்கு ஒவ்வொன்றும் தெளிவாக விழும்.

கிளப்புவதும் திருப்புவதும் பழகிவிட்டன. இறக்குவதுதான் தகராறு. ஓடுபாதையைக் கண்ணால் பார்க்காமல் இறங்குவதற்கு ஐ.எல்.எஸ். என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து இரண்டு வானொலி அலைகளை அனுப்புவார்கள். ஒன்று இடமா வலமா என்று சொல்லும். இன்னொன்று மேலா கீழா என்று சொல்லும். ஆட்டோபைலட் இரண்டையும் பிடித்துக்கொண்டால் போதும், சரிவுப் பாதையில் வழுக்கிக்கொண்டு ஓடுபாதையின் நுனிக்கு வந்து சேரும். லின்சியின் விமானமோ இடம் வலம் பிசகாமல் துவாக்குடிப் பக்கமிருந்து நேர்க்கோட்டில் வந்தது. இறங்க வேண்டிய இடம் வந்ததும் இறங்காமல் அதே உயரத்தில் போய்க்கொண்டே இருந்தது.

இதில் அவளுக்கு எரிச்சல் தந்தது ஒன்று உண்டு. காதில் பேசுகிற குரல் எல்லாவற்றையும் சரியாகத்தான் சொன்னது. இறங்குபாதை உங்களுக்கு மேலே இருக்கிறது, நெருங்குகிறது, இதோ நடுவில், இப்போது கீழே போய்விட்டது. அலை வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆட்டோபைலட் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

மஹ்ஜபீனிடம் போனில் புலம்பினாள்.

"எவ்வளவு உயரத்துல வந்தே?"

"மூவாயிரத்து ஐந்நூறு."

"அதான். ரொம்ப உசரம். பாதையை மேலேர்ந்து பிடிக்கவே பிடிக்காது. அதுக்குக் கீழ போய் இருந்துக்கணும். பாதை உன் தலைக்கு மேலேர்ந்து இறங்கி வந்து உன்னைத் தொடும், அப்பதான் பிடிக்கும். எங்க குரூப்ல எல்லாரும் முதல்ல பண்ற தப்பு இது."

லின்சி இரண்டாயிரம் அடிக்கு இறங்கி, தூரத்திலிருந்தே மெதுவாக வந்தாள். பாதை தலைக்கு மேலிருந்து இறங்கி வந்தது. தொட்டது. அப்படியே காலுக்குக் கீழே போயிற்று. விமானம் மணப்பாறையை நோக்கிப் போனது.

பிறகு அவள் வேகத்தைக் குறைத்துப் பார்த்தாள். சக்கரத்தை முன்பே இறக்கிப் பார்த்தாள். அலைவரிசை எண்ணை அழித்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தாள். வேறு விமானத்தை எடுத்துப் பார்த்தாள். மென்பொருளையே நீக்கிவிட்டு, பாக்கியநாதன் ஈரோட்டுக்குச் சரக்கு கொண்டுபோயிருந்த ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து திரும்ப ஏற்றினாள். குழுவில் இருந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். சொன்னதையெல்லாம் செய்தாள். வங்கியில் வட்டிக் கணக்குப் பார்க்கும்போதுகூட மனத்தின் ஒரு மூலையில் அந்த விமானம் இறங்காமல் போய்க்கொண்டே இருந்தது.

புரட்டாசியில் ஒரு காலை, வழக்கம்போல ராஜகோபுரம் நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். அங்கிருந்து வங்கி வரைக்கும் அவளுக்கு மனப்பாடமான வழி. கோபுர வாசலுக்குள் நுழைந்ததும் தலைக்கு மேல் சத்தமெல்லாம் வேறு மாதிரி ஆகும். கல்லின் குளிர்ச்சி முகத்தில் படும். வெளியே வந்தால் பூக்கட்டுபவர்களின் பேச்சு. இன்னும் கொஞ்ச தூரம் போனால் காப்பிக்கொட்டை வறுக்கிற கடை. அந்த வாசனைக்கு வலப்புறம் திரும்ப வேண்டும். ஒன்பது வருடமாக அந்த வாசனையைப் பிடித்துத்தான் திரும்புகிறாள்.

அன்றைக்குத் திரும்பி நாலு அடி நடந்த பிறகுதான் வாசனையே வரவில்லை என்பது உறைத்தது. நின்றாள்.

"அண்ணே, காப்பிக் கடை இன்னைக்கு இல்லையா?" என்று பக்கத்தில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தவரைக் கேட்டாள்.

"மூணு நாளாவே பூட்டியிருக்கும்மா. அவங்க வீட்டுல கல்யாணம்."

மூன்று நாளாக! நேற்றும் முந்தாநாளும்கூட அவள் சரியான இடத்தில்தான் திரும்பியிருக்கிறாள். அப்படியானால் எதைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்? வந்த வழியே பின்னால் போய் மறுபடி நடந்து பார்த்தாள். திருப்பம் வருகிற இடத்தில் சாலை வலப்புறமாக லேசாகச் சரிந்தது, மழைத்தண்ணீர் வடிவதற்காகப் போட்ட சரிவு. அது காலுக்குத் தெரிந்திருந்தது. தலைக்குத் தெரியவில்லை. வாசனையும் சரிவும் ஒரே இடத்தில் இருந்ததால் இத்தனை வருடமும் மூக்கை நம்பி நடப்பதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

சாலை ஓரத்தில் அப்படியே நின்றவளை யாரோ கைபிடித்து "எங்கம்மா போகணும்?" என்று கேட்டார்கள். "இல்லைங்க, ஒரு யோசனை" என்றாள்.

அன்று மாலை வீடு திரும்பியதும் கைப்பையைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டரைப் போட்டாள். விமானத்தைத் துவாக்குடிக்குக் கிழக்கே கொண்டுபோய், ஆட்டோபைலட்டை அலையைப் பிடிக்க விட்டாள். விமானம் ஓடுபாதைக்கு நேராகத் திரும்பியது. குரல், நடுவில் இருக்கிறீர்கள் என்றது. அப்போது வேண்டுமென்றே அலைவரிசையை மாற்றிவிட்டாள், எந்த விமான நிலையத்திலும் இல்லாத ஒரு எண்ணுக்கு. குரல் உடனே, அலை கிடைக்கவில்லை என்றது.

விமானம் விலகவில்லை. இம்மி பிசகாமல் அதே கோட்டில் ஓடுபாதையைப் பார்த்துப் போய்க்கொண்டே இருந்தது.

அப்படியானால் இது அலையைப் பிடித்துக்கொண்டு வரவே இல்லை. ஒரு நாளும் பிடித்ததில்லை. வேறு எதையோ பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது.

"என்னங்க, கொஞ்சம் வாங்க. இந்தத் திரையில ஆட்டோபைலட் பட்டன் எல்லாம் இருக்குல்ல, அதுக்குப் பக்கத்துல எங்கயாவது சின்னதா எதாவது எழுதியிருக்கா?"

பாக்கியநாதன் கைலியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்தான். "ஹெச்.டி.ஜி., ஆல்ட்டு… அது இல்ல. இரு. ஓரத்துல ஒரு குட்டி ஸ்விட்ச் மாதிரி போட்டிருக்கு. மேல என்.ஏ.வி., கீழ ஜி.பி.எஸ். கீழ இருக்கிறதுதான் எரியுது."

"ஜி.பி.எஸ்.ஸா?"

"ஆமா. ஏன், தப்பா?"

அவள் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். விமானம் இவ்வளவு நாளும் வரைபடத்தில் இருக்கிற கோட்டைப் பார்த்து வந்திருக்கிறது. வரைபடக் கோடும் அலையின் கோடும் ஓடுபாதைக்கு நேராக ஒன்றின்மேல் ஒன்று கிடந்ததால் வித்தியாசம் தெரியவில்லை. வரைபடத்தில் இடம் வலம் இருந்தது. மேலே கீழே இல்லை. அதனால்தான் இறங்கவில்லை. காதில் பேசிய குரலோ அலையை நேராக வாங்கிச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் குட்டி ஸ்விட்சைப் பற்றிச் சொல்ல அதற்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

அந்த ஸ்விட்சை மேலே, அலையைப் பிடிக்கிற என்.ஏ.வி.க்குத் தள்ளுவதற்கு விசைப்பலகையில் ஒரு வழி இருந்தது. தள்ளினாள். அலைவரிசையைச் சரியாகப் போட்டாள். விமானத்தைத் திருப்பிக் கிழக்கே கொண்டுபோய், இரண்டாயிரம் அடியில், மஹ்ஜபீன் சொன்னதுபோல பாதைக்குக் கீழே இருந்துகொண்டு வந்தாள். பாக்கியநாதன் போகாமல் பின்னால் நின்றான்.

பாதை தலைக்கு மேலிருந்து இறங்கி வந்தது. தொட்டது.

என்ஜின் சத்தம் தணிந்தது. மூக்கு மெல்லக் கவிழ்ந்தது. குரல் எண்களைச் சொல்லத் தொடங்கியது. ஆயிரத்து எண்ணூறு. ஆயிரத்து அறுநூறு. லின்சி எந்த விசையையும் தொடவில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பிடிச்சிருச்சுங்க" என்றாள் மெதுவாக.

வேகத்தைக் குறைக்க மறந்துபோனதால் விமானம் ஓடுபாதை முழுவதும் ஓடி, அதையும் தாண்டி ஒரு வயலில் போய் நின்றது. அதை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சரிசெய்துவிட்டாள், அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்த அலை எப்படித்தான் பாதையைச் சொல்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது. இணையத்தில் தேடி, அடுத்த சில நாள் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் காதில் போட்டுக் கேட்டாள். காவிரிப் பாலத்தின்மேல் பஸ் ஊர்ந்துகொண்டிருந்த ஒரு மாலை, அந்த வரி வந்தது. பின்னால் போய் மறுபடி கேட்டாள். இன்னொரு முறையும் கேட்டாள்.

விமான நிலையம் அனுப்புகிற அலைக்குள் இரண்டு ஒலிகள் இருக்கின்றன. ஒன்று நொடிக்குத் தொண்ணூறு அதிர்வு, மற்றது நூற்றைம்பது. பாதைக்கு மேலே போனால் தொண்ணூறு ஓங்கும். கீழே போனால் நூற்றைம்பது ஓங்கும். இரண்டும் சமமாக இருக்கிற இடம் எதுவோ அதுதான் பாதை. இடம் வலத்துக்கும் இதே கணக்குதான்.

அவ்வளவுதான். வானத்தில் யாரும் கோடு போடவில்லை. விளக்கு வைக்கவில்லை. இரண்டு சத்தம், அவை சமமாகிற ஓர் இடம், அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு இத்தனை பெரிய விமானம் இத்தனை பேரோடு மேகத்துக்குள்ளிருந்து இறங்கி வருகிறது.

பஸ் ஜன்னல் வழியாக ஆற்றுக்காற்று அடித்தது. லின்சிக்குக் கண்ணில் நீர் வந்தது. பக்கத்து இருக்கைப் பெண் "தூசி விழுந்திருச்சா?" என்று கேட்டாள். லின்சி கைக்குட்டையால் துடைத்துக்கொண்டாள். இத்தனை வயதுவரை லின்சிக்குக் கிடைத்த ஒவ்வொன்றும் பார்வை உள்ளவர்களுக்காகச் செய்து, பிறகு அவளுக்காகக் கொஞ்சம் வளைத்துக் கொடுத்தது. பாடப் புத்தகம் அப்படி, கம்ப்யூட்டர் அப்படி, வங்கிப் பரீட்சை அப்படி. இது மட்டும் முதலிலேயே, கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத நேரத்துக்காக, சத்தத்தாலேயே செய்தது. எங்கோ யாரோ உட்கார்ந்து இதை யோசித்திருக்கிறார்கள் என்று நினைக்கவே மலைப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் அந்த இரண்டு ஒலிகளையும் உண்டாக்கினாள். இரண்டும் அடித்தொண்டையில் முனகுவதுபோல இருந்தன. ஒன்றாக இசைத்தபோது அவள் கை தானாக மேசைமேல் தாளம் தட்டியது. மாதா கோவில் பாடகர் குழுவில் பத்து வருடம் பாடியவள் அவள்.

"இது ஸாவும் தாவும்ங்க" என்றாள். "கேளுங்க. ஸா… தா… நடுவுல கொஞ்சம்கூடப் பிசகல."

பாக்கியநாதன் கேட்டான். அவனுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. ஆனாலும் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு, "அப்ப தண்டவாளமே கிடையாதா?" என்றான்.

"கிடையாது."

"சிக்னல்?"

"இதேதான் சிக்னல். இதேதான் தண்டவாளமும்."

"என்னைக் கேட்டா நான் ஏற மாட்டேன்" என்றான் அவன்.

ஆனால் ஏறினான். கார்த்திகையில் மஹ்ஜபீனின் தம்பிக்குக் கல்யாணம் என்று இருவரும் சென்னைக்குப் போனார்கள். போகும்போது அவனுடைய பாஸில் ரயில். வரும்போது விமானத்தில் வரலாம் என்று லின்சி கேட்டாள். அவள் எதையும் இப்படிக் கேட்டவள் இல்லை என்பதால் அவனும் சரி என்றான். இருவருமே அதற்குமுன் நிஜ விமானத்தில் கால் வைத்ததில்லை.

மதியம் கிளம்பும்போதே சென்னையில் தூறல். ஏறியதும் அவன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தான். மேகத்துக்கு மேலே போனதும் வெயில் அடிக்கிறது என்று வியந்தான். அதெல்லாம் கொஞ்ச நேரம்தான். இறங்கத் தொடங்கியதும் வெள்ளையாக எதற்குள்ளோ நுழைந்தார்கள். விமானம் குலுங்கியது. பின்னால் ஒரு குழந்தை அழுதது. பாக்கியநாதன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"லின்சி, ஒண்ணும் தெரியலை. இறக்கைகூடத் தெரியலை. எனக்கு முன்னாடி ஒரு கிலோமீட்டராவது தெரியணும், இல்லேன்னா வண்டியை மெதுவாக்கிடுவேன்."

"அவங்களுக்கும் தெரியாதுங்க, முன்னாடி உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு."

"என்ன சொல்றே?"

"அவங்க இப்ப கேட்டுக்கிட்டு வர்றாங்க."

உண்மையில் விமானிகள் காதால் கேட்பதில்லை, கருவிதான் கேட்கிறது, அவர்கள் ஊசியைப் பார்க்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவளுக்கு அப்படித்தான் தோன்றியது. மழையும் மேகமும் சுற்றி அடைத்துக்கொண்ட அந்த விமானத்தில் எல்லோருக்கும் ஏதோ ஒன்று பறிபோயிருந்தது. அவளுக்கு மட்டும் எதுவும் பறிபோகவில்லை.

உடம்பு வலப்புறம் சாய்ந்தது. "மேற்கே திரும்புறாங்க. துவாக்குடிக்குக் கிழக்கே எங்கயோ இருக்கோம்" என்றாள். இறக்கையிலிருந்து மோட்டார் ஓடுகிற சத்தம் வந்தது. "வேகத்தைக் குறைக்கிறாங்க." காலுக்குக் கீழே எதுவோ திறந்து இடித்தது, அவன் துள்ளினான். "சக்கரம்ங்க. பயப்படாதீங்க."

பிறகு அவள் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். இருக்கையின் கைப்பிடியில் விரல் நுனிகளை வைத்துக்கொண்டாள். தலைக்கு மேலே எங்கோ அது இருக்கிறது. இறங்கி வருகிறது. இன்னும் இல்லை. இன்னும் இல்லை.

என்ஜின் சத்தம் தணிந்தது. மூக்கு கவிழ்ந்தது. மேலே ஓங்கிக்கொண்டிருந்த ஒன்றும் கீழே ஓங்கிக்கொண்டிருந்த ஒன்றும் சமமாகிவிட்ட அந்த நொடி அவள் வயிற்றில் தெரிந்தது, தாழ்வான படியில் கால் வைப்பதுபோல. மேசைமுன் எத்தனையோ முறை கேட்டதுதான். ஆனால் அங்கே அவள் நாற்காலி அசைந்ததில்லை. இங்கே தரையே சாய்ந்தது. கனமான, உயிருள்ள, மழையில் நனைந்த ஒரு பெரிய பொருள், அந்த மெல்லிய இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து அதன்மேல் தன்னை வைத்துக்கொண்டது.

"பிடிச்சிருச்சு" என்றாள்.

"மிஷினே இறக்கிடுமா?" என்று கேட்டான் அவன்.

"இங்க இல்லைங்க. தரைக்கு இருநூறு அடி இருக்கிறவரைக்கும் இது கூட்டிட்டு வரும். அதுக்கப்புறம் அவங்க கண்ணால ரன்வேயைப் பார்க்கணும். பார்த்தாதான் இறங்கலாம்."

"பார்க்கலேன்னா?"

அவள் பதில் சொல்வதற்குள் என்ஜின்கள் வீறிட்டன. முதுகு இருக்கையோடு ஒட்டியது. விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறியது. முன்வரிசையில் ஒரு அம்மாள் சாமி பெயரைச் சொல்லி அலறினாள். மேலிருந்து ஏதோ சாமான் உருண்டது. பாக்கியநாதனின் நகம் அவள் கையில் பதிந்தது.

லின்சி என்ஜின் சத்தத்தைக் கூர்ந்து கேட்டாள். பிறகு புரிந்தது.

"பார்க்கலைங்க. அதான் ஏறிட்டாங்க" என்றாள். அவன் காதோடு வாய் வைத்துச் சொன்னாள். "தப்பு ஒண்ணும் இல்லை. கீழ வரைக்கும் வந்து பார்த்தாங்க. ரன்வே தெரியலை. தெரியாம ஒரு அடிகூடக் கீழ போகக் கூடாதுன்னு சட்டம். சரியாப் பண்ணியிருக்காங்க. கேளுங்க, சக்கரத்தை உள்ளே எடுக்கிறாங்க."

காலுக்குக் கீழே மறுபடி இடித்தது. பக்கத்து இருக்கைக்காரர் அவளைக் கேட்டார், "என்னம்மா சொல்றாங்க? ஒண்ணும் இல்லையே?" அவருக்கும் சொன்னாள். அவர் முன்வரிசைக்குச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் ஒரு பெண் விமானி பேசினாள். மழையில் ஓடுபாதை தெரியவில்லை, சற்றுச் சுற்றிவிட்டு மறுபடி முயல்வோம் என்றாள். குரலில் பதற்றமே இல்லை. நடுவில் ஓர் இடத்தில் மட்டும் மூச்சு வாங்கினாள். அந்த மூச்சை லின்சி கேட்டாள். நாலு ஐந்து வரிசைக்கு முன்னால், கதவுக்கு அந்தப் பக்கம், இன்னொரு பெண் இருநூறு அடிவரைக்கும் ஒன்றும் தெரியாமல் இறங்கிப் போய், இல்லை என்று முடிவு செய்து திரும்பியிருக்கிறாள். வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தான் செய்ததெல்லாம் எவ்வளவு சின்னது என்று லின்சிக்குத் தோன்றியது. அது வருத்தமாகவும் இல்லை. மலையடிவாரத்தில் நிற்பதுபோல இருந்தது.

சுற்றினார்கள். எங்கே சுற்றுகிறோம் என்று பாக்கியநாதன் கேட்டான், தெரியவில்லை என்றாள். மறுபடி வலப்புறம் சாய்ந்தார்கள். மறுபடி மோட்டார் சத்தம், மறுபடி சக்கரம். இந்த முறை விமானத்தில் எல்லோரும் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

என்ஜின் தணிந்தது. மூக்கு கவிழ்ந்தது. பாக்கியநாதன், "இப்ப பிடிச்சதா?" என்று கேட்டான். அவனே உணர்ந்திருக்கிறான்.

"ஆமாங்க."

இறங்கிக்கொண்டே இருந்தார்கள். ஜன்னலில் மழை சரசரவென்று கீறுவது கேட்டது. இனி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று லின்சிக்குத் தெரிந்தது. இனிமேல் இருப்பது கண்ணின் வேலை. அவன் கையைத் தட்டினாள்.

"வெளிய பாருங்க. எதாவது தெரிஞ்சா சொல்லுங்க."

"வெள்ளைதான். வெள்ளைதான்… இரு. கறுப்பா ஒண்ணு… தண்ணி. ஏரி. லின்சி, ஏரி தெரியுது. பனைமரம். ஒரு ரோடு, லாரி லைட் போட்டுக்கிட்டுப் போகுது. காம்பவுண்டுச் சுவர். புல்லு…"

சக்கரம் தரையைத் தொட்டது. யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். லின்சி தட்டவில்லை. நெற்றியை முன் இருக்கையில் சாய்த்து, தரையின் அதிர்வு கால்வழியாக ஏறுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெளியேறும்போது கதவருகே அந்த விமானி நின்று எல்லோருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். லின்சிக்குக் கேட்க நூறு கேள்வி இருந்தது. குரல் வந்த திசையில் கையை நீட்டினாள். ஈரமான, சில்லென்ற ஒரு கை அதைப் பிடித்தது. "தேங்க்ஸ் மேடம்" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

வெளியே மழை விட்டிருந்தது. நசுருதீன் என்ற ஆட்டோக்காரர் வந்தார். பொன்மலைக்கு என்றதும் ஏற்றிக்கொண்டார். டி.வி.எஸ். டோல்கேட்டில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதால் வண்டிகள் ஊர்ந்தன.

"ஃப்ளைட்டு ஒண்ணு இறங்காமத் திரும்பிப் போச்சுன்னு பேசிக்கிட்டாங்களே, அதுலயா வந்தீங்க?" என்று கேட்டார் நசுருதீன்.

"அதுலதான் பாய்" என்றான் பாக்கியநாதன். நாலு வார்த்தைக்கு மேல் யாரிடமும் பேசாதவன் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தான். "அது எப்படி வருதுன்னு நினைக்கிறீங்க? தண்டவாளம் கிடையாது. லைட்டு கிடையாது. ரெண்டு பாட்டுச் சத்தம் விடுறாங்க, கீழேர்ந்து. ஸா ஒண்ணு, தா ஒண்ணு. மேல ஒரு சத்தம், கீழ ஒரு சத்தம். பைலட்டு அதைக் கேட்டுக்கிட்டே வர்றாங்க. ரெண்டும் சமமா இருந்துச்சுன்னா வழி சரின்னு அர்த்தம்."

"அட, அப்படியா?"

"பின்ன? நான் உள்ள உட்கார்ந்து உணர்ந்தேனே. அந்தச் சத்தம் சேர்ற இடத்துல வண்டி இப்படி லேசா குனியும். அப்புறம் பாருங்க…"

அவன் சொன்னதில் பாதி தப்பு. அலையை யாரும் காதால் கேட்பதில்லை, ஸ்வரத்தை யாரும் பாடி அனுப்புவதில்லை. லின்சி திருத்தவில்லை. ஆட்டோ தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மெதுவாகப் போயிற்று. நசுருதீன் என்ஜின் அணைந்துவிடாமல் கைப்பிடியை முறுக்கிக்கொண்டே, "சொல்லுங்க சார், அப்புறம்?" என்றார். பாக்கியநாதன் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான்.